பலகையில் இல்லாத சொல்

மாலினி சிப் எழுதிய ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்னும் தன்வரலாற்று நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அவினாசி வட்டத்துச் சேவூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள விசைத்தறிக் கூடங்களுக்குள் ஒருமுறை சென்று வந்தவர் ஓர் உண்மையை அறிவர். தறிகள் ஓடும் வேளையில் அங்கே நாவினால் பேசிப் பயனில்லை. நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, தேநீர் வந்தது, முதலாளி வருகிறார் என்னும் செய்திகளெல்லாம் கையாலும் கண்ணாலும் உதட்டசைவாலும் பரிமாறப்படுகின்றன. அவ்வாறு பேசுவோரை எவரும் ஊமையர் என்று அழைப்பதில்லை. தறி நின்ற பின்னும் நாவினால் பேச இயலாத ஒருவரைக் காணும்போது மாத்திரம் நம் மனம் மாறிவிடுகிறது. பேச்சு நாவின் தொழில் என்றும், நா இயங்காத இடத்தில் உள்ளமும் இயங்காது என்றும் நாம் கொண்டுள்ள மயக்கமே இதற்குக் காரணம்.

இறையியல் போதிக்கும் பணியோடு சபைப் பொறுப்பையும் வகித்துவரும் நான் இம்மயக்கத்திற்கு விலகியிருந்தவன் அல்லேன். எங்கள் சபையில் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். தந்தை பனியன் கம்பெனியில் தையற்காரர். தாய் வீட்டிலிருந்தபடியே பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுபவர். மகளின் செவி கூர்மையானது; அறிவும் அவ்வாறே. அவள் பேச்சு மாத்திரம் தாயைத் தவிரப் பிறருக்கு விளங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சபைப் பெண்கள் அவளுக்கென்று ஒரு படப்பலகை செய்து கொடுத்தனர். விரலால் படத்தைத் தொட்டுக் காட்டினால் எதிரில் இருப்பவர் பொருளை உணர்ந்துகொள்ளலாம். பலகைக்குரிய சொற்களைத் தேர்ந்து கொடுத்தவன் நான். தண்ணீர், சோறு, வலி, தூக்கம், கழிப்பறை, அம்மா, அப்பா, ஜெபம், பாட்டு, நன்றி, ஸ்தோத்திரம் என்றவாறு இருபத்து நான்கு சொற்கள் அதில் இடம்பெற்றன. ஓராண்டு கழிந்த பின்னர் அவளுடைய தாயார் ஒரு நாள் தயங்கித் தயங்கி, “ஏனுங்கய்யா, இதுல ‘வேண்டாம்’னு ஒரு சொல்லே இல்லீங்களே?” என்று கேட்டார். பலகையை வாங்கிப் பார்த்தேன். இல்லை.

நன்றி சொல்ல அவளுக்கு இடம் வைத்த நான் மறுப்புச் சொல்ல இடம் வைக்கவில்லை. அக்குறை மறதியால் நேர்ந்தது என்று என்னை நானே ஆற்றிக்கொண்டிருக்கலாம். மாலினி சிப் எழுதிய நூலை அக்காலத்தில் வாசிக்க நேர்ந்தபடியால் அதற்கு வழியில்லாது போயிற்று. ஒரு கருவி எப்போது ஒருவருடைய குரலாகிறது? நாம் கேட்க விரும்பாததையும் அதைக் கொண்டு அவர் சொல்லக் கூடுமானால் மாத்திரமே அது அவருடைய குரல். இல்லையேல் அது நம்முடைய குரலின் எதிரொலியே. இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு அந்நூலையும், அதனோடு தொடர்புடைய சிலவற்றையும், நம் திருச்சபையின் பழக்கத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலும் ஆசிரியரும்

மாலினி சிப் 1966ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பிறப்பின்போது மூளைக்குப் போதிய உயிர்வளி கிடைக்காமையால் மூளை முடக்குவாதம் ஏற்பட்டது. நடையும் பேச்சும் கைகளின் இயக்கமும் இதனால் தடைப்பட்டன, அறிவு தடைப்படவில்லை. பெற்றோர் அவரை இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றனர். அங்கே குழந்தைக்குக் கிடைத்த கல்வி இந்நாட்டில் இல்லாமையை உணர்ந்த தாயார் மிது அலூர், தாயகம் திரும்பி, 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்னும் அமைப்பைத் தொடங்கினார். அம்முயற்சியின் வழியில் சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளியே இன்று வித்யா சாகர் என்னும் பெயரால் தமிழகத்தில் நன்கறியப்பட்டுள்ளது.

மாலினி பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் பாலினவியலிலும், நூலக மற்றும் தகவல் மேலாண்மையிலும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார். மும்பையில் ஒரு புத்தக நிலையத்தில் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்யும் பணியில் அமர்ந்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர்களுள் ஒருவராகவும் விளங்குகிறார். அவருடைய நூல் 2011இல் சேஜ் பதிப்பக வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. ஒரே ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதப்பட்டமையால் அதற்கு ‘ஒரு சிறு விரல்’ என்னும் பொருள் தரும் பெயர் சூட்டப்பட்டது.

நம் சபை மக்களுக்குப் பழக்கமான ஓர் இலக்கிய வகை உண்டு. அதனைச் சாட்சி என்கிறோம். அதில் முதலாவது துன்பம் வரும். அடுத்து ஜெபம் வரும். முடிவில் சுகமாவது வரும், அல்லது சுகம் கிடைக்காவிடினும் நன்றியறிதலாவது வரும். மாலினியின் நூலைக் கையில் எடுக்கும் கிறிஸ்தவ வாசகர் இவ்வரிசையை எதிர்பார்த்து ஏமாறுவார். இதில் சுகமில்லை. அளவுக்கு மிஞ்சிய நன்றியுமில்லை. மாறாக, நகைச்சுவை உண்டு, சினம் உண்டு, தனிமை உண்டு, நட்புக்கும் காதலுக்குமான ஏக்கம் உண்டு. படிக்கட்டுகளால் தன்னை வெளியே நிறுத்திய கட்டடங்களின் மேலும், தன்னை நோக்காமல் உடன் வந்தவரை நோக்கிப் பேசியவர்கள் மேலும் ஆசிரியர் கொண்ட கோபம் மறைக்கப்படவில்லை. குறை தன் உடலில் மாத்திரம் இல்லை, உடலை மதிப்பிடும் சமுதாயத்திலும் உண்டு என்று அவர் படிப்படியாக உணர்ந்துவரும் வரலாறே நூலின் முதுகெலும்பு எனலாம். நூலின் முதன்மையான சிறப்பும் இதுவே. வாசகரை மகிழ்விக்கும் பொருட்டு அவர் தம்மைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

2. பிறர் வாயால் பேசப்படுவோர்

மாலினி விவரிக்கும் அவமதிப்பு மும்பைக்கோ இலண்டனுக்கோ மாத்திரம் உரியதன்று. அது நம் ஊரில் இன்னும் நுட்பமான வடிவில் வழங்குகிறது. நான் மேலே கூறிய பெண்ணுக்கு இருபது வயதை நெருங்குகிறது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையார் அவளுடைய தாயிடம், “புள்ள சாப்புட்டுச்சுங்களா?” என்று விசாரிப்பர். கேட்பவர் அன்புடையவரே. கொங்கு நாட்டில் இளையோரை இவ்விதம் குறிப்பது செல்லமான வழக்கும் ஆகும். ஆயினும் அவளோடு ஒத்த வயதுடைய பெண்கள் ஒவ்வொருவராய் “சாப்புட்டீங்களா?” என்னும் நேர்முக விசாரிப்புக்கு உயர்ந்துவிட்டனர், இவள் ஒருத்தி மாத்திரம் படர்க்கையிலும் அஃறிணை விகுதியிலும் நின்றுவிட்டாள். உயர்திணை என்றும் அஃறிணை என்றும் பகுத்து வைத்த மொழி நம்முடையது. அம்மொழியில் ஒருவரை எத்திணையில் வைத்துப் பேசுகிறோம் என்பது இலக்கணச் செய்தி மாத்திரமன்று. இறையியல் செய்தியும் ஆகும். கடவுளின் சாயல் இன்னாரிடத்தில் உண்டு என்று நாம் மெய்யாகவே ஏற்கிறோமா என்பதை நம் வினைமுற்று காட்டிக்கொடுக்கிறது.

இலக்கியமும் இதற்கு விலக்கன்று. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய பாடலொன்றில், வெயிலில் காய்ந்த பாறையின்மேல் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமன் ஒருவன் கண்ணினாலே காத்துக்கொண்டிருக்கும் காட்சி உவமையாக வருகிறது. தன் காமநோயைத் தாங்க இயலாத தலைவனின் ஆற்றாமைக்கு அது ஒப்பற்ற உவமை. ஆனால் அவ்வூமன் என்ன நினைத்தான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் கேட்டதில்லை. பிறருடைய துயரத்துக்கு உவமையாவதே அவனுடைய வேலையாயிற்று. இன்றோ, கண்ணின் அசைவைக் கருவி பின்தொடர்ந்து, பார்வை நிலைக்கும் எழுத்தைத் திரையில் பதித்து, அதனை ஒலியாகவும் வெளியிடும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. கையில்லாத ஊமன் கண்ணினாலே தன் கதையைத் தானே எழுதலாம். எழுதினால், அவன் முதலாவது எழுதுவது, தன்னை உவமையாக்க வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம் அல்லவா?

3. கருவி தரும் குரல் யாருடையது?

மாலினி பயன்படுத்திய கருவி லைட்ரைட்டர் எனப்படும். விசைப்பலகையில் தட்டிய சொற்களை அது திரையில் காட்டி ஒலியாகவும் வெளியிடும். அக்கருவியை உருவாக்கிய டோபி சர்ச்சில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தாமே நோயினால் பேச்சை இழந்தவர். தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொண்டவரின் கைவேலை அது. எழுதுபவர் பார்க்க ஒரு திரையும் எதிரில் இருப்பவர் பார்க்க மற்றொரு திரையும் அதில் அமைந்துள்ளன. ஆகவே இருவரும் முகத்துக்கு முகம் நோக்கி அமரலாம். பேச இயலாதவர் ஒருவர் கருவி செய்தபோது ஒலியை மாத்திரம் நாடாமல் முகத்தையும் நாடினார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இயந்திரத்தின் ஒலி ஒருவருடைய சொந்தக் குரலாகுமா என்னும் ஐயம் எழலாம். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் தொண்டையில் நிகழ்ந்த அறுவைச் சிகிச்சையால் பேச்சை முற்றிலும் இழந்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்த செயற்கைக் குரல் டெனிஸ் கிளாட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குரலை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலேயராகிய ஹாக்கிங்கின் வாயிலிருந்து அமெரிக்க உச்சரிப்பு வந்தது. பின்னாளில் இதனினும் இயல்பான குரல்கள் கிடைத்தபோதும் அவர் அதனை மாற்ற இசையவில்லை. 2018இல் இறக்கும்வரை அதனையே தம் குரலாகக் கொண்டார். இரவலாக வந்த குரல் பயன்பாட்டினால் சொந்தமாயிற்று. ஆகவே கருவியால் வரும் குரல் போலிக் குரல் என்று தள்ளுவதற்கில்லை. ஹாக்கிங் அதனைத் தாமே தெரிந்துகொண்டார், தாமே மாற்ற மறுத்தார் என்பதே இங்கு முக்கியம்.

தமிழருக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. மாலினி ஆங்கிலத்தில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதியவராகையால் இச்சிக்கல் அவர் நூலில் எழவில்லை. நம் மொழியில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக வேறுபட்டவை. தமிழ் எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள்களைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் பாடுபட்டு உருவாக்கியுள்ளன. பார்வையற்றோர் நூல் கேட்பதற்கு அவை அருந்துணையாகின்றன. ஆனால் நூலை வாசிப்பது வேறு. அடுப்படியில் அம்மாவோடு பேசுவது வேறு. சேவூரில் ஒரு பெண் “தண்ணி வேணுமுங்க” என்பாள். கருவியோ “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்னும். கட்டளையிடும் அதிகாரியின் தொனி அதில் இருக்கும். மகளின் தொனி இராது. கொங்கு நாட்டில் “ங்க” என்னும் ஓரசையில் மரியாதையும் உறவும் ஊரும் அடங்கியிருக்கின்றன. அவ்வசை இல்லாமல் பேசும் பிள்ளையைப் பண்பற்றதென்றோ அயலாரென்றோ கருதுவர். ஆகவே பேச்சைக் கொடுத்த கருவியே ஊரைப் பறித்துக்கொள்ளவும் கூடும்.

படக்குறிகளிலும் இதே இடர்ப்பாடு உண்டு. சார்லஸ் பிளிஸ் என்பவர் உலக மக்கள் யாவருக்கும் பொதுவாக உருவாக்கிய குறியீடுகளை, 1971 முதல் கனடா நாட்டு டொராண்டோவில் பேச இயலாத குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அதன்பின் பலவகைப் படத்தொகுதிகள் தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில வாக்கிய வரிசையை உள்ளத்தில் கொண்டு அமைந்தவை. நான், வேண்டும், தண்ணீர் என்று அடுக்கினால் ஆங்கிலம் அமைந்துவிடும். தமிழிலோ வினை இறுதியில் வரவேண்டும். அதன் விகுதியில்தான் எவரோடு பேசுகிறோம் என்பது தெரியவேண்டும். இந்நிலையில் சென்னையில் அஜித் நாராயணன் வித்யா சாகரின் ஒத்துழைப்போடு உருவாக்கி 2010ஐ ஒட்டி வெளிவந்த ‘ஆவாஸ்’ என்னும் கருவி குறிப்பிடத்தக்கது. தனிக் கருவியாகத் தொடங்கிப் பின்னர்க் கைக்கணினிச் செயலியாக மாறிய அது, இந்திய மொழிகள் பலவற்றிலும் தமிழிலும் படத்தைத் தொட்டுப் பேச வகை செய்தது. வெளிநாட்டுக் கருவியை எதிர்நோக்கிக் காத்திருந்த குடும்பங்களுக்கு இது பெருவாயிலைத் திறந்தது. எனினும் அதனுள் எச்சொல்லை வைப்பது என்னும் கேள்வியைச் செயலி தீர்க்காது. அது பெற்றோர், ஆசிரியர், போதகர் ஆகிய நம் கையில் வந்து நிற்கிறது. இருபத்து நான்கு சொல்லைத் தேர்ந்த என் கையைப் போன்ற கைகளில்.

4. நூலின் குறைகளும் ஒரு திரைப்படமும்

நூலில் நிறைவு தராத பகுதிகளும் உள்ளன. மாலினியின் வாழ்வில் அறிவும் ஆற்றலும் மிக்க தாயார் ஒருவர் இருந்தார்; ஆங்கிலக் கல்வி இருந்தது; கடல் கடந்து செல்ல வசதி இருந்தது. ஆசிரியர் இதனை மறைக்கவில்லையாயினும், இவை யாவும் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்னும் வினாவோடு நூல் நீண்ட நேரம் போராடவில்லை. நாளெல்லாம் துணைநின்று தூக்கியும் உடுத்தியும் உழைத்த பணிப்பெண்களின் வாழ்வையும் நாம் அறிய விரும்பும் அளவுக்கு அறிய முடியவில்லை. தனித்து வாழும் உரிமையைப் பற்றி இலண்டனில் கற்ற பாடம், மூவர் சம்பாதித்தால் மாத்திரம் வாடகை கொடுக்கக்கூடிய திருப்பூர்க் குடும்பத்தில் எவ்வடிவம் எடுக்கும்? இவ்வினாவை வாசகரே தொடர்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தம் வாழ்வை எழுதும்போது பிறர் வாழ்வனைத்தையும் எழுதவேண்டும் என்று கேட்பது நீதியன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாலினியின் உறவினரான இயக்குநர் ஷோனாலி போஸ், அவர் வாழ்வினால் தூண்டப்பட்டு, ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ என்னும் திரைப்படத்தை 2014இல் எடுத்தார். தமிழ்நாட்டார் நன்கறிந்த நடிகை ரேவதி அதில் தாயாக நடித்தார். கதைத்தலைவி லைலாவாக நடித்த கல்கி கோச்லின் மாற்றுத்திறனாளி அல்லர். மாற்றுத்திறனாளியின் உடலையும் பிறரே பேசவேண்டுமா என்னும் குறை அங்கே நியாயமாகவே எழுகிறது. படத்தின் போக்கு முழுவதும் நம் வாசகர் அனைவருக்கும் உடன்பாடாயிராது. ஆயினும் ஒரு காட்சி நம் விவாதத்துக்கு இன்றியமையாதது. லைலா எழுதிய பாடலுக்குக் கல்லூரிப் போட்டியில் முதற்பரிசு கிடைக்கிறது. பாடலை எழுதியவர் மாற்றுத்திறனாளி என்று அறிந்ததனாலேயே பரிசளித்ததாக மேடையிலிருப்பவர் பெருமையோடு கூறி, லைலாவை ஏதாவது பேசும்படி கேட்கிறார். அவள் ஒரு விரலை உயர்த்தி நாகரிகமற்ற ஒரு சைகையைக் காட்டுகிறாள்.

போதகன் என்ற முறையில் அச்சைகையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அம்மேடையில் நின்றவர் போன்று நாமும் எத்தனை முறை நின்றிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் முகம் கவிழ்கிறது. கிறிஸ்துமஸ் விழாவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுவந்து மேடையில் நிறுத்தி, சேலை கொடுத்து, நிழற்படம் எடுத்து, “ஒரு வார்த்தை சொல்லு” என்போம். அவ்வொரு வார்த்தை நன்றியாக இருக்கவேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. லைலாவின் விரலும் மாலினியின் விரலும் அவ்வெதிர்பார்ப்புக்கு உடன்படவில்லை.

5. மோசேயும் சகரியாவும்

இனித் திருமறையை நோக்குவோம். மோசே தன் நா திக்குவது என்று காரணம் காட்டி அழைப்பை மறுக்கிறார் (யாத். 4). இங்கே நாம் கவனிக்கத் தவறும் இரு செய்திகள் உள்ளன. முதலாவது, கடவுள் மோசேயின் நாவைக் குணமாக்கியதாக அவ்வதிகாரம் கூறவில்லை. வாயை உண்டாக்கியவர் தாமே என்று கூறி, அந்நாவோடு அவரை அனுப்புகிறார். இரண்டாவது, நன்றாய்ப் பேசக்கூடிய ஆரோனை அவருக்கு வாயாகத் துணையளிக்கிறார். ஆரோன் பயனுள்ள துணையே. ஆனால் மோசே மலைமேல் இருக்க ஆரோன் தன் பொறுப்பில் நின்றபோது என்ன நடந்தது? பொற்கன்று பிறந்தது (யாத். 32). திக்கும் நாவுடையவரின் சொல் உடனிருக்கும்வரை ஆரோன் வாயாக இருந்தார். அச்சொல் இல்லாதபோது மக்கள் விரும்பியதைச் செய்பவரானார். இறுதியில் உபாகமம் முழுவதும் பேசுகிறவர் மோசேயே.

இன்றைய தொடர்புக் கருவிகளின் வரலாற்றிலும் ஆரோனின் சோதனை நிகழ்ந்துள்ளது. பேச இயலாதவரின் கையை மற்றொருவர் தாங்கிப்பிடித்து எழுத்துகளைத் தொடச்செய்யும் முறையொன்று ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவிற்று. எழுதப்பட்ட அழகிய வாக்கியங்களைக் கண்டு பெற்றோர் கண்ணீர் வடித்தனர். பின்னர்க் கட்டுப்பாடான சோதனைகள் நடத்தியபோது, சொற்கள் கையைத் தாங்கியவரிடமிருந்தே அவரும் அறியாமல் வந்தன என்பது வெளியாயிற்று. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் வல்லுநர் சங்கம் 2018இல் அம்முறையைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. வஞ்சகரால் நேர்ந்த பிழையன்று இது. அன்பினால் நேர்ந்த பிழை. ஆகையாலேயே அதிகம் அஞ்சத்தக்கது. மாலினி தம் விரலால் தாமே தட்டியவர். ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் செலவிட்ட நேரமே, அது அவருடைய சொல் என்பதற்குச் சான்று.

சகரியாவின் வரலாறு இதனினும் நெருக்கமானது (லூக். 1). பேச்சிழந்த அவருக்கு மகன் பிறந்தான். எட்டாம் நாளில் அயலாரும் உறவினரும் கூடிப் பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே இட முனைந்தனர். தாய் எலிசபெத்து அதனை மறுத்து வேறு பெயர் சொன்னார். அவர் சொல் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. பின்னர்ச் சகரியாவுக்குச் சைகை காட்டி வினவினர். வானதூதர் அறிவித்தது அவர் பேசமாட்டார் என்பதை மாத்திரமே. 22ஆம் வசனத்தில் அவரைக் குறிக்க வரும் ‘கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ஊமையையும் குறிக்கும், செவிடையும் குறிக்கும். எனவே அவர் செவியையும் இழந்திருந்தாரா என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். பேச இயலாதவரைச் செவிடராகவும் எண்ணி உரக்கக் கத்தும் நம் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கலாம். சகரியா எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கினார். அதில் எழுதியது என்ன? கூடியிருந்தோர் முடிவுக்கு மாறான பெயர். எல்லாரும் வியப்படைந்தனர்.

இங்கே வரிசையை உற்று நோக்கவேண்டும். சகரியாவின் நா கட்டவிழ்ந்தது அவர் எழுதிய பின்னரே. தகப்பனாக, கடவுளின் சொல்லுக்கு உடன்பட்டவராக, மனைவியின் சொல்லை உறுதி செய்தவராக அவர் நின்றது நா திறந்த பிறகன்று. பலகையில் எழுதிய அந்நொடியில்தான். சுகம் அதனைத் தொடர்ந்து வந்தது. அதற்கு முன்நிபந்தனையாக வரவில்லை. ஆகவே பலகையைக் குறையுள்ள பேச்சு என்றும், நாவை நிறைவான பேச்சு என்றும் பிரித்து வைக்க இப்பகுதி இடம் கொடுக்கவில்லை. பலகையில் எழுதப்பட்டது ஒரு மறுப்பு. அம்மறுப்பின்றி யோவானுக்கு அவன் பெயர் கிடைத்திராது.

6. திருச்சபையின் கடமை

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெயில், சைகை மொழி, மாற்றுத் தொடர்பு முறைகள் ஆகியவற்றையும் ‘தொடர்பு’ என்னும் சொல்லின் இலக்கணத்திலேயே சேர்த்துவிட்டது. நாவினால் பேசுவதும் பலகையால் பேசுவதும் சட்டத்தின்முன் ஒன்றே. உலகத் திருச்சபைகள் மன்றமும் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றுத்திறனாளிகள் இல்லாத சபை முழுமையான சபையன்று என்னும் கருத்தை வற்புறுத்தியது. பாளையங்கோட்டையில் செவித்திறனற்றோருக்கும் பார்வையற்றோருக்கும் முற்காலத்திலேயே பள்ளிகளைத் தொடங்கியவர்கள் நம் முன்னோராகிய ஊழியர்கள். எனவே இப்பொருள் நமக்குப் புதியதன்று. புதியதாக வேண்டுவது நம் மனப்பாங்கே. அதற்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, பலகையோ செயலியோ எதுவாயினும், ‘வேண்டாம்’, ‘ஏன்’, ‘நீங்கள் சொல்வது தவறு’, ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்னும் சொற்கள் அதில் முதல் வரிசையில் இருக்கவேண்டும். கேலிக்கும் கோபத்துக்கும் ஐயத்துக்கும் உரிய சொற்களும் இருக்கவேண்டும். சங்கீதங்களில் முறையீட்டுக்கு இடமுண்டு எனில் பலகையில் ஏன் இருக்கலாகாது?

இரண்டாவது, சொற்களைத் தேர்வது வீட்டாரோடும், இயன்றவரை பயன்படுத்துபவரோடும் கலந்து நடைபெறவேண்டும். அவ்வூர்ப் பேச்சிலேயே அவை அமையவேண்டும். குரலைப் பதிவு செய்யும் வசதியுள்ள கருவியாயின், அதே வயதுடைய அவ்வூர்ப் பெண்ணொருத்தியின் குரலையோ ஆணின் குரலையோ அதில் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, காத்திருக்கக் கற்கவேண்டும். ஒரு விரலால் வாக்கியம் அமைக்க ஐந்து நிமிடம் ஆகலாம். பாதியிலேயே ஊகித்து முடித்துவைப்பது உதவியன்று. அது ஆரோனின் வேலை. நம் ஆராதனையிலும் கமிட்டியிலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடம் இல்லையெனில், கருவி வாங்கிக் கொடுத்ததைச் சபை அறிக்கையில் எழுதி என்ன பயன்?

நான்காவது, சபையின் கமிட்டியில் அவர்களுக்கு இடம் கொடுக்கவேண்டும். அவர்களைப் பற்றிய தீர்மானங்களை அவர்கள் இல்லாத அறையில் நிறைவேற்றும் பழக்கம் ஒழியவேண்டும்.

முடிவுரை

தாயார் சுட்டிக்காட்டியபின் பலகையைத் திருத்தி அமைத்தோம். இம்முறை சொற்களைச் சொன்னவர்கள் தாயும் மகளுமே. தாய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, மகள் தலையசைத்தோ மறுத்தோ தேர்ந்தாள். மொத்தம் அறுபத்தொன்று. அவற்றுள் நான் எதிர்பாராத சொற்களும் இருந்தன. ‘பொய்’ என்பது ஒன்று. ‘போர் அடிக்குது’ என்பது மற்றொன்று.

பலகை முடிந்த அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். எப்போதும் செய்வதுபோல அவள் தலைமேல் கைவைத்துச் சுகத்துக்காக ஜெபிக்கக் குனிந்தேன். பல ஆண்டுகளாகச் செய்துவந்த செயல் அது. ஒருமுறையேனும் அவளைக் கேட்டதில்லை. எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பார்வையற்றவனை நோக்கி, தனக்கு என்ன வேண்டும் என்று அவனே சொல்லும்படி ஆண்டவர் கேட்டதைப் பற்றி (மாற். 10) பலமுறை பிரசங்கித்தவன் நான். அவளுடைய விரல் நடுங்கி நடுங்கிப் பலகையின் முதல் வரிசைக்குப் போயிற்று. “வேண்டாமுங்க.” கையை எடுத்துக்கொண்டேன். தாய் பதறிப்போய், “ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். விரல் மீண்டும் நகர்ந்தது. வெகுநேரம் ஆயிற்று. இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலிப் படத்தின் மேல் நின்றது. “உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் ஜெபிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னவற்றை இங்கே எழுத அவளிடம் இசைவு கேட்டேன். பலகையின் முதல் வரிசையைத் தொட்டாள். ஆகவே எழுதவில்லை.